கேட்டதை எழுதும் கைகள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. இன்ன நோய்க்காகச் சேர்க்கப்பட்டார், இன்ன சிகிச்சை அளிக்கப்பட்டது, இனி இன்ன மருந்தை இத்தனை வேளை உட்கொள்ள வேண்டும் என்பன அதில் அடங்கியிருக்கும். கையொப்பம் இடுபவர் மருத்துவர். அவரை நாம் அறிவோம், நன்றியோடு கைகூப்புகிறோம். ஆனால் அவர் சொன்னதைச் செவிமடுத்து, ஒரு சொல்லும் பிறழாமல் எழுத்தில் வடித்தவர் யார்? அவரை நோயாளி அறியார். அவரும் நோயாளியைக் கண்டதில்லை. ஆயினும் அந்நோயாளியின் நலத்தில் ஒரு பங்கு அவர் விரல் நுனியில் தங்கியிருக்கிறது.

அத்தகைய கைகள் பல நம் தஞ்சைத் தரணியிலும் உண்டு. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் அத்தொழிலை இக்கட்டுரையில் மருத்துவப் படியெழுத்து என்று குறிப்போம். கடந்த கால் நூற்றாண்டில் நம் குடும்பங்கள் சிலவற்றுக்குச் சோறிட்ட தொழில் இது. வேறு சிலவற்றை ஏமாற்றத்தில் ஆழ்த்தியதும் உண்டு. இன்றோ கணினிப் பொறிகள் இதன் உருவத்தையே மாற்றி வருகின்றன. பட்டம் பெற்ற மகனையோ மகளையோ அடுத்து எதில் சேர்ப்பது என்று எண்ணும் பெற்றோர், இத்தொழிலின் உள்ளும் புறமும் அறிந்திருத்தல் நன்று.

நோயாளியின் வரலாற்றை எழுதி வைத்தல் தஞ்சைக்குப் புதியதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட மன்னர் இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் பேணி வளர்த்தார். அக்காலத்தில் கண்நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இன்றைய மருத்துவர் அவற்றைப் படித்து, அன்று என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. எழுதியவர் உண்மையாக எழுதினார் என்பதனாலன்றோ அவற்றுக்கு இம்மதிப்பு!

பணியின் இயல்பு

அமெரிக்க மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து முடித்ததும், தாம் கண்டவற்றை ஒரு கருவியில் பேசிப் பதிவு செய்கிறார். நோயாளி கூறிய குறைகள், பரிசோதனையில் தாம் கண்டவை, நோய் இன்னதென்ற தம் கருத்து, இனிச் செய்ய வேண்டிய சிகிச்சை என்னும் வரிசையில் அவர் பேச்சு அமையும். அந்த ஒலிக்கோப்பு இணையத்தின் வழியே படியெழுத்தாளரின் கணினிக்கு வந்து சேர்கிறது. அவர் காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு, காலடியிலுள்ள மிதிகட்டையை மிதித்து ஒலியை ஓட்டியும் நிறுத்தியும் பின்னோக்கிச் செலுத்தியும் கேட்கிறார், கைகளால் தட்டெழுதுகிறார். தையற்பொறியில் அமர்ந்தவரைப் போலக் காலும் கையும் கண்ணும் ஒருங்கே இயங்கும். கூடுதலாகச் செவியும் இங்கே உழைக்கிறது.

பேசுகிறவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தல் இயலாது. சிலர் உணவு உண்டுகொண்டே பேசுவர். சிலர் நடந்துகொண்டே பேசுவர். பின்னணியில் கருவிகள் ஒலிக்கும். அங்குள்ள மருத்துவர்களில் பற்பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் உள்ளமையால் உச்சரிப்பும் பலவகைப்படும். ஆகவே ஒரு நிமிடப் பேச்சை எழுதி முடிக்கத் தேர்ந்தவருக்கே சில நிமிடங்கள் செல்லும். புதியவருக்கு அதனினும் பன்மடங்கு ஆகும்.

எழுதியவை வரிக்கணக்கில் அளக்கப்படுகின்றன. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி என்பது பெருவழக்கு. ஊதியம் அவ்வரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிழைக்குக் கழிவும் உண்டு. நூற்றுக்கு 98 பங்குக்குக் குறையாத துல்லியம் வேண்டும் என்பது இத்தொழிலின் பொது அளவுகோல். ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவார். தர ஆய்வாளர் ஒருவர் மீண்டும் பார்ப்பார். வழக்கமான அறிக்கைகள் 24 மணி நேரத்திற்குள்ளும், அவசரமானவை சில மணி நேரத்திற்குள்ளும் திரும்பிச் செல்ல வேண்டும்.

தஞ்சைக்கு வந்த வழி

அமெரிக்க மருத்துவர் பேசியதை இந்தியாவில் எழுதுவானேன் என்ற வினா எழலாம். கூலி குறைவு என்பது ஒரு விடை. மற்றொன்று கதிரவன் தரும் விடை. நியூயார்க்கில் மருத்துவர் மாலை ஆறு மணிக்குப் பணி முடித்து வீடு செல்லும்போது, கோடைக்காலமாயின் நமக்கு மறுநாள் விடியற்காலை மூன்றரை மணி. குளிர்காலமாயின் நான்கரை மணி. அவர் உறங்கும் நேரம் முழுவதும் நம் பகல். இங்கே பகலில் எழுதி அனுப்பினால், அவர் கண்விழிக்கும்போது அறிக்கை அவர் மேசைமேல் இருக்கும். 1990-களில் இணையத் தொடர்பு வலுப்பெற்றதும் பெங்களூர், சென்னை, ஐதராபாத் முதலிய நகரங்களில் இப்பணி வேரூன்றியது. பின்னர் சிறு நகரங்களையும் எட்டியது.

அது நம் பகுதிக்கு வந்தபோது, விதை தூவ நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. தஞ்சை, கும்பகோணம், மாயவரம், திருவாரூர் என எங்கு நோக்கினும் தட்டெழுத்துப் பயிலகங்கள் இருந்தன. பள்ளி இறுதி முடிந்த விடுமுறையில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் பயின்று, ஆங்கிலத்தில் கீழ்நிலை, மேல்நிலை தேறிய மகளிர் நம் தெருக்களில் ஏராளம். கீழ்நிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், மேல்நிலைக்கு 45 சொற்கள் என்பது அத்தேர்வின் கணக்கு. அரசு வேலையை எதிர்பார்த்துப் பயின்ற அந்த விரல்கள், எதிர்பாராத வேறொரு வேலைக்குப் பயன்பட்டன.

மற்றொரு காரணமும் இருந்தது. டெல்டாவின் குடும்பப் பொருளாதாரம் மேட்டூர் அணையின் கதவோடு பிணைந்தது. ஜூன் 12-இல் அணை திறந்தால் குறுவை உண்டு. இல்லையேல் சம்பாவை நம்பியிருக்க வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020-இல்தான் மீண்டும் உரிய நாளில் திறக்கப்பட்டது. வயல் வருவாய் தள்ளாடும் வீட்டில், மழையையும் அணையையும் சாராத ஒரு மாத வருவாய் எத்துணை ஆறுதல் என்பதை விவசாயக் குடும்பத்தார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. மணமான பெண் ஊரைவிட்டுப் போகாமலே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே எழுதலாம் என்பது இதன் தனிச் சிறப்பு.

சிற்றூரில் கணினிப் பணி நடவாது என்று கருதியவர்களுக்குத் திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி ஒரு விடையாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு 2000-களில் தோன்றிய தேசிக்ரூ என்னும் நிறுவனம் அங்கே ஒரு பணி மையத்தை நடத்தியது. மருத்துவப் படியெழுத்துக்கென்றே அமைந்ததன்று அது. எனினும் நெல்வயல் சூழ்ந்த ஊரிலிருந்து தொலைதூர நிறுவனங்களின் ஆவண வேலையைச் செய்து தர முடியும் என்பதை அது காட்டிற்று. 2024-இல் தஞ்சையிலேயே டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டிருப்பது அவ்வழியின் அடுத்த படி.

ஆயினும் இடர்களும் உடன்வந்தன. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. தென்னை வீழ்ந்தவர் துயரம் எல்லார் கண்ணிலும் பட்டது. மின்சாரமும் இணையமும் இன்றி, கையிலிருந்த பணியை அனுப்ப இயலாமல் தவித்த வீட்டுப் பணியாளர் துயரம் எவர் கண்ணிலும் படவில்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு வீட்டின் மின்கம்பமே தொழிற்சாலை என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

ஒரு சுழியின் விலை

தட்டெழுதத் தெரிந்தால் போதும், இவ்வேலை எளிது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. உடற்கூறு, நோய்ப் பெயர்கள், மருந்துப் பெயர்கள், பரிசோதனை அளவுகள் ஆகியவற்றை அறியாதவர் கேட்டதைக் கேட்டபடி எழுதவே முடியாது. ஏனெனில் செவி, தான் அறிந்த சொல்லைத்தான் கேட்கும்.

சான்றாக, சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் 'இலியம்' என்னும் ஒரே ஒலி; எழுத்தில் மட்டும் ஓர் எழுத்து வேறுபடும். எது பொருந்தும் என்பதை முன்னும் பின்னும் உள்ள செய்தியே கூறும். 'டிஸ்ஃபேஜியா' என்றால் விழுங்க இயலாமை. 'டிஸ்ஃபேசியா' என்றால் பேச்சுக் குறைபாடு. 'ஹைப்பர்' என்றால் மிகுதி. 'ஹைப்போ' என்றால் குறைவு. ஹைட்ராலசீன் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஹைட்ராக்சிசீன் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படுவது. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதில் ஒன்றுபோல் விழுவதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

இப்பிழைகள் ஏட்டளவில் நிற்பனவல்ல. 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு மாற்றப்பட்ட பெண்மணி ஒருவருக்கு 8 யூனிட் இன்சுலின் தரப்பட வேண்டும். அவரது மருத்துவக் குறிப்பை எழுதும் பணி பல கைகள் மாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. எழுதப்பட்ட தாளில் 8 என்பது 80 ஆகிவிட்டது. அத்தாளை நம்பி மருந்து செலுத்தப்பட்டது, அப்பெண்மணி இறந்துபோனார். 2012 டிசம்பரில் நீதிமன்ற ஜூரியினர் 14 கோடி டாலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தனர். எத்தனை கோடி அளித்தாலும் அக்குடும்பத்திற்குத் தாய் திரும்பி வருவாளோ?

ஒரேயொரு சுழி! பள்ளிக்கணக்கில் அது ஒரு மதிப்பெண் குறைவு. மருத்துவத் தாளில் அது ஓர் உயிர். இதனாலன்றோ அமெரிக்க மருத்துவமனைகளின் தரத்தை ஆராயும் 'ஜாயின்ட் கமிஷன்' என்னும் அமைப்பு 2004-இல், எழுதக்கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை விதித்தது! ஒரு மில்லிகிராமை 1.0 என்று எழுதலாகாது. புள்ளி மங்கினால் பத்தாகிவிடும். அரை மில்லிகிராமை வெறும் .5 என்று எழுதலாகாது. முன்னே சுழியிட்டு 0.5 என்றே எழுத வேண்டும். யூனிட் என்பதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் இடலாகாது. அது சுழிபோலத் தோன்றி, அளவைப் பதின்மடங்கு ஆக்கிவிடும்.

தெரியாததை எழுதாதே

இத்தொழிலில் புதிதாகச் சேர்பவருக்குக் கற்பிக்கப்படும் விதி ஒன்று உண்டு. சொல் விளங்கவில்லையா? மீண்டும் கேள். அகராதியில் தேடு. மூத்தவரிடம் வினவு. அதன் பின்னும் விளங்கவில்லையானால், ஊகித்து எழுதாதே. அவ்விடத்தை வெற்றாக விட்டு, ஒலிக்கோப்பில் இன்ன நிமிடம் இன்ன வினாடி என்று குறித்து அனுப்பு. மருத்துவர் நிரப்பிக்கொள்வார்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதியைக் கடைப்பிடித்தல் எளிதன்று. வெற்றிடம் மிகுந்தால் ஆய்வாளர் கடிந்துகொள்வார், வரிக்கணக்கு குறையும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு சொல்லை இட்டுவிட்டால் எவரும் கவனிக்கப் போவதில்லை. படிப்பதற்கும் வாக்கியம் அழகாகவே இருக்கும். அந்த அழகில்தான் ஆபத்து உறைகிறது. வெற்றிடத்தைக் காணும் மருத்துவர் விழிப்படைவார். தவறான சொல்லைக் காண்பவர் நம்பிக்கையோடு கடந்துவிடுவார். ஆகவே நேர்மையாக விடப்பட்ட வெற்றிடம், துணிந்து எழுதப்பட்ட பொய்யினும் ஆயிரம் மடங்கு மேலானது.

அமெரிக்காவில் இத்தொழிலாளர்களுக்கென 1978-இல் ஒரு சங்கம் அமைந்தது. 2007-இல் அது தன் பெயரை மாற்றிக்கொண்டபோது, படியெழுத்து என்னும் சொல்லை விட்டுவிட்டு, மருத்துவ ஆவண நேர்மைக்கான சங்கம் என்னும் பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்டது. விரைவு என்றோ, திறன் என்றோ பெயரிடாமல் நேர்மை என்று பெயரிட்டது கருதத்தக்கது.

பிறர் இரகசியம்

படியெழுத்தாளர் நாள்தோறும் கேட்பவை பிறருடைய வாழ்வின் மறைவான செய்திகள். ஒருவரின் மனநோய், மற்றொருவரின் குடிப்பழக்கம், கருச்சிதைவுற்ற தாயின் துயர் என இன்னோரன்ன பலவும் அவர் காதில் விழுகின்றன. இவற்றைக் காக்க அமெரிக்கா 1996-இல் 'ஹிப்பா' என்னும் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது.

சட்டம் இருந்தும் சங்கிலி பலவீனமானால் என்ன நேரும் என்பதை 2003-இல் உலகம் கண்டது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையம் தன் படியெழுத்துப் பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அப்பணி உள்குத்தகையாகக் கைமாறிக் கைமாறி, பாகிஸ்தானில் ஒரு பெண்ணிடம் சென்று சேர்ந்தது. இது மருத்துவ மையத்திற்கே தெரியாது. தனக்குச் சேர வேண்டிய கூலி வரவில்லை என்று அப்பெண், நோயாளிகளின் குறிப்புகளை இணையத்தில் வெளியிடப் போவதாக எச்சரித்துக் கடிதம் விடுத்தார். அம்மிரட்டலை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் உழைத்தவர் கூலியை இடைத்தரகர் விழுங்கும் இடத்தில் எவருடைய இரகசியமும் காவலின்றிப் போகும் என்ற பாடத்தையும் நாம் மறத்தல் ஆகாது.

வீட்டிலிருந்து எழுதுவோர்க்கு இது அன்றாடக் கடமை. கணினி கூடத்தின் நடுவே இருத்தல் நன்றன்று. பிள்ளைகள் அதில் விளையாடலாகாது. ஒலியை வெளியே கேட்கும்படி ஓட்டலாகாது. வேடிக்கையான செய்தியாயினும் உணவு வேளையில் எடுத்துரைத்தல் கூடாது. கடல் கடந்த நோயாளியை யாருக்குத் தெரியப்போகிறது என்னும் எண்ணமே முதற் பிழை.

பொறி எழுதத் தொடங்கியபின்

1997-இல் தொடர்ந்த பேச்சை எழுத்தாக்கும் 'டிராகன்' மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அப்போது அது தடுமாறியது, பலர் நகைத்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேறியது. 2009-இல் அமெரிக்க அரசு மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு ஊக்கம் அளித்தபின், மருத்துவர் பலர் தாமே திரையில் குறிப்புகளை நிரப்பலாயினர். டிராகனைத் தயாரித்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மருத்துவரும் நோயாளியும் உரையாடுவதை அருகிருந்து கேட்டு, அறிக்கையைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் 2023 முதல் பரவலாகி வருகின்றன.

இதன் விளைவாக, வெறுமனே கேட்டுத் தட்டெழுதும் வேலை சுருங்கிவிட்டது. இத்தொழிலில் ஆள்தேவை இன்னும் குறையும் என்றே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் கணித்துள்ளது. பொறி எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணியே இப்போது பெரும்பாலும் எஞ்சியுள்ளது. அதற்கு வரிக்குரிய கூலி முன்னினும் குறைவு. வேண்டிய அறிவோ முன்னினும் அதிகம்.

அப்படியானால் மனிதச் செவிக்கு வேலையே இல்லையா? உண்டு. 'விஸ்பர்' என்னும் பெயர்பெற்ற ஒலியெழுத்துப் பொறியைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-இல் வியப்பான உண்மை ஒன்றை வெளியிட்டனர். ஏறத்தாழ நூறு ஒலித்துண்டுகளில் ஒன்றில், எவரும் பேசாத முழுச் சொற்றொடர்களை அப்பொறி தானே புனைந்து எழுதியிருந்தது. பேச்சில் நீண்ட மௌனம் உள்ளவர்களின் பதிவுகளில் இப்பிழை மிகுந்திருந்தது. மனிதர் வெற்றாக விட வேண்டும் என்று கற்ற இடத்தை, பொறி தன் கற்பனையால் நிரப்பிவிட்டது! அதுவும் இலக்கணப் பிழையின்றி, அழகிய வாக்கியமாக! தனக்கு விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பண்பு இன்னும் மனிதனிடமே உறுதியாக உள்ளது. அப்பண்பையும், பிழையைக் கண்டுபிடிக்கும் மருத்துவ அறிவையும் ஒருங்கே பெற்றவர்க்கு இனியும் இடம் உண்டு.

பெற்றோர் கவனத்திற்கு

ஈராயிரமாம் ஆண்டையொட்டி இத்தொழில் பெருவேகம் கொண்டபோது, சென்னையிலும் மாவட்ட நகரங்களிலும் பயிற்சி நிலையங்கள் காளான்போல் முளைத்தன. மூன்று மாதத்தில் வேலை, கைநிறையச் சம்பளம் என்ற விளம்பரங்களைக் கண்டு நகையை அடகு வைத்தும், வயலை ஒத்திக்கு விட்டும் கட்டணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. சான்றிதழ் வந்தது, பலருக்கு வேலை வரவில்லை. இன்று பலகையில் பெயர் மாறியிருக்கிறது. விளம்பரத்தின் குரல் மாறவில்லை. எனவே பணம் கட்டுமுன் சில வினாக்களை நேரில் சென்று கேட்க வேண்டும்.

பயிற்சி அளிப்பவர் இத்தொழிலில் எத்தனை ஆண்டு பணி செய்தவர்? உண்மையான மருத்துவர் குரல்களைக் கொண்டு பயிற்சி நடைபெறுமா, அன்றி அச்சிட்ட பாடம் மட்டுமா? சென்ற அணியில் பயின்றவர்களுள் வேலை பெற்றவர் யார், எங்கே? அவர்களோடு நாம் பேசலாமா? வேலை உறுதி என்பது எழுத்தில் உண்டா? மூலச் சான்றிதழ்களைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்லுகின்றனரா? சொன்னால் அங்கிருந்து எழுந்து வருவதே அறிவுடைமை. வேலை தரும் நிறுவனமாயின் வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் உண்டா, வரிக்கணக்கை நாமே சரிபார்க்க வழியுண்டா, இரவுப் பணி உண்டெனில் மகளிர் வீடு திரும்ப வாகனம் உண்டா என்பனவும் கேட்கத்தக்கவை.

படியெழுத்தை மட்டுமே நம்பி இன்று ஒருவரை இதில் இறக்குதல் ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். ஆனால் அதன் அடித்தளமாகிய மருத்துவச் சொல்லறிவு வேறு கதவுகளைத் திறக்கும். அவற்றுள் முதன்மையானது மருத்துவக் குறியீட்டுப் பணி. மெடிக்கல் கோடிங் என்பர். மருத்துவரின் அறிக்கையைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைக் காப்பீட்டுக்காக வழங்குதல் இதன் வேலை. அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் நாள் பத்தாம் பதிப்பு நோய்க் குறியீட்டுக்கு மாறியபோது, நோய்களுக்குரிய குறியீடுகள் ஏறத்தாழ 14,000-லிருந்து 70,000 அளவுக்குப் பெருகின. சென்னையிலும் திருச்சியிலும் இப்பணி நடைபெறுகிறது. உயிரியல், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் பயின்றோர்க்கு இது ஏற்றது, 'சி.பி.சி.' என்னும் தேர்வில் தேறியவர்க்கு மதிப்பு மிகுதி. ஆயினும் இதிலும் பொறிகள் நுழைந்து வருகின்றன என்பதை மறைத்தல் முறையன்று.

மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போதே தொலைவிலிருந்து கேட்டுக் குறிப்பெழுதும் பணியும் உண்டு. அது அமெரிக்கப் பகலில் நடப்பதாகலின் நமக்கு இரவுப் பணி. உடல் தாங்குமா, குடும்பம் ஒத்துழைக்குமா என்று எண்ணியே ஏற்க வேண்டும்.

எப்பணியாயினும் உடலைப் பேணுதல் இன்றியமையாதது. நாள் முழுதும் அமர்ந்திருப்பதால் முதுகும் கழுத்தும் மணிக்கட்டும் நோகும். உரத்த ஒலியால் செவி மங்கும். மணிக்கொருமுறை எழுந்து நடத்தலும், ஒலியைத் தாழ்த்திக் கேட்டலும் வேண்டும். வீட்டார்க்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து எழுதும் மருமகளை, வீட்டில்தானே இருக்கிறாள் என்று எண்ணி ஓயாது அழைத்தல் முறையன்று. நடவு வயலில் நிற்பவளை அடுப்படிக்கு அழைப்போமா? அவள் காதில் கேட்பொறி இருக்கும் வேளையில் ஒரு நோயாளியின் மருந்தளவு அவள் கையில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

இத்தொழிலில் ஒருவரும் இல்லாத குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் வீட்டு நோயாளி மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது தரப்படும் தாளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அவ்வாறன்றி அங்கேயே நின்று படித்துப் பார்த்தல் வேண்டும். பெயரும் வயதும் சரியா? ஒவ்வாத மருந்து குறிக்கப்பட்டுள்ளதா? மருந்தின் அளவு, மருத்துவர் வாயால் சொன்னதோடு ஒத்திருக்கிறதா? ஐயமிருப்பின் செவிலியரிடம் கேட்பதில் நாணம் வேண்டா. உள்நோயாளியின் மருத்துவப் பதிவை மூன்றாண்டு காத்து வைக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவும் மருத்துவர் கடமைப்பட்டவர் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிகள் கூறின. கேட்பது நம் உரிமை.

ஆங்கிலம் அறிந்த நம் பங்கு இளைஞர், முதியோர் வீடுகளுக்குச் சென்று அத்தாள்களைப் படித்து, மருந்து வேளைகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரலாம். காசு செலவில்லாத இத்தொண்டு பல பிழைகளைத் தடுக்கும். எழுதும்போது அவர்களும் அந்த விதியை மறவாதிருப்பாராக: விளங்காததை ஊகித்து எழுதலாகாது, விளங்கவில்லை என்று குறித்து, மருத்துவரிடம் கேட்டபின் எழுத வேண்டும்.

பொறிகள் மாறும், தொழில்களின் பெயரும் மாறும். கேட்டதைக் கேட்டபடி எழுதி, கேளாததை எழுத மறுக்கும் உள்ளத்திற்கு நோயாளி உள்ளவரை தேவை இருக்கும். அவ்வுள்ளத்தை எந்தப் பயிற்சி நிலையமும் கட்டணம் பெற்று விற்க முடியாது. பள்ளிச் சிறுவன் விடை தெரியாத வினாவை நேர்மையோடு விட்டுவிட்டு வரும் நாளில், ஏன் விட்டாய் என்று அவனைக் கடிந்துகொள்ளாமல், வா, இருவரும் சேர்ந்து தேடுவோம் என்று அழைக்கும் தந்தையும் தாயுமே அதை வளர்க்க வல்லவர்கள்.